பீச்சாங்கையால் எழுதுகிறாள், மாற்ற வேண்டுமா டாக்டர்?

கேள்வி: குடியாத்தம் பக்கம் இருக்கிறோம். மகளுக்கு 5 வயது, யூகேஜி. எழுதுவது, சாப்பிடுவது எல்லாம் இடது கையில்தான். அவளுடைய ஆயா (பாட்டி) அந்தக் கையில் துணியைச் சுற்றிவிடுகிறார், மிஸ் ஸ்கேலால் தட்டுகிறார். இப்போது நோட்டைப் பார்த்தாலே அழுகிறாள்.

பதில்: அந்தத் துணியை இன்றைக்கே அவிழ்த்துவிடுங்கள் அம்மா. இது நோயும் இல்லை, பிடிவாதமும் இல்லை. எந்தக் கை முந்த வேண்டும் என்பது மூளை அமைப்போடு வருவது, பத்தில் ஒருவர் இப்படித்தான், அவர்களில் பெரும்பாலோரின் அப்பா அம்மா வலதுகைக்காரர்கள், அதனால் யாரும் யாரையும் குற்றம் சொல்ல வேண்டாம். கட்டாயப்படுத்தி மாற்றினால் எழுத்து மெதுவாகும், கை சீக்கிரம் வலிக்கும், படிப்பு மேலேயே வெறுப்பு வரும். அவள் அழுவது அதனால்தான்.

நீங்கள் மாற்ற வேண்டியது நோட்டு வைக்கும் விதத்தை. தமிழும் இங்கிலீஷும் இடமிருந்து வலமாகப் போவதால் வலதுகைக்காரர் பென்சிலை இழுத்து எழுதுகிறார், இவள் தள்ளி எழுதுகிறாள், எழுதியதையும் அவள் கையே மறைக்கிறது. நோட்டைக் கொஞ்சம் இடப்பக்கம் தள்ளி, அதன் மேல்பகுதி வலது பக்கம் சாய்கிற மாதிரி வையுங்கள். பென்சிலை முனையிலிருந்து ஓர் அங்குலம் மேலே பிடிக்கட்டும், மணிக்கட்டை வளைக்காமல் வரிக்குக் கீழே வைத்து எழுதட்டும். மெத்தென்று எழுதும் பென்சில் நல்லது.

சாப்பாடுதான் ஆயாவுக்குப் பெரிய கவலை, புரிகிறது. கல்யாணப் பந்தியில் நாலு பேர் பார்ப்பார்கள் என்பார். அவளாக விரும்பி வலது கையில் சாப்பிடப் பழகினால் பழகட்டும், அடித்து வேண்டாம். சுத்தம் பற்றிய பயம் என்றால், எந்தக் கையால் கால் கழுவினாலும் இரண்டு கையையும் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டியதுதான், அது எல்லாப் பிள்ளைக்கும் பொருந்தும்.

ஒரே ஒரு விஷயத்தில் கவனம் வேண்டும். ஒரு வயதுக்கு முன்பே குழந்தை ஒரு கையை மட்டும் பயன்படுத்தி, இன்னொன்றை மூடியே வைத்திருந்தால், அல்லது வலது கையால் செய்துகொண்டிருந்த பிள்ளை திடீரென்று அதை விட்டுவிட்டால், அங்கே பலவீனம் இருக்கலாம். உடனே குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். உங்கள் மகளுக்கு அப்படி எதுவும் நீங்கள் எழுதவில்லை.

அப்புறம் பள்ளி. 6 முதல் 14 வயதுப் பிள்ளைகளை அடிப்பதைக் கல்வி உரிமைச் சட்டம், 2009, பிரிவு 17 தடை செய்கிறது; அதைவிடச் சின்னவளை அடிப்பதும் தவறுதான். சண்டையாக இல்லாமல், தெளிவாகவே மிஸ்ஸிடம் சொல்லுங்கள். பெஞ்சில் இடது ஓரத்தில் உட்காரவைக்கச் சொல்லுங்கள், அப்போதுதான் பக்கத்துப் பிள்ளையின் முழங்கை இடிக்காது.