கோயிலும் இல்ல, நாடும் இல்ல, ஆரம்பகாலக் கிறிஸ்தவங்க எப்படி ஒரே கூட்டமா நின்னாங்க?

சேர்ந்து நினைச்சாங்க, அதான் என் பதில். அப்போஸ்தலர் பவுல் கொரிந்து சபைக்கு கி.பி. 50-கள்ல எழுதின கடிதத்துலயே இயேசு சொன்ன "என்னை நினைவுகூரும்படி இதைச் செய்யுங்கள்" வந்துடுது, அப்போ இயேசுவோட வாழ்க்கையைச் சொல்ற நாலு சுவிசேஷத்துல ஒண்ணுகூட எழுதியிருக்கலன்னுதான் பெரும்பாலான ஆய்வாளர்கள் சொல்றாங்க, ஆனா அப்பமும் திராட்சரசமும் வச்சு நினைக்கிற வழக்கம் ஏற்கெனவே இருக்கு. எங்க சபையில ஐயர், அதாவது போதகர், திருவிருந்துல அந்த வரியச் சொல்றப்போ எனக்கு இன்னிக்கும் சிலிர்க்கும்.

எனக்கு இது நல்லா புரிஞ்சது ரெண்டாம் நூற்றாண்டு கிறிஸ்தவ எழுத்தாளர் ஐரேனியஸ் மூலமாத்தான். சின்னப் பையனா ஆசியா மாகாணத்துல, அதாவது இன்னிக்குத் துருக்கி இருக்கிற பக்கம், சிமிர்னா பிஷப் பாலிகார்ப் பேசக் கேட்டவர். வயசான பிறகு எழுதுறார், பாலிகார்ப் உக்காந்த இடம், நடந்து வர்ற விதம், இயேசுவை நேர்ல பார்த்த யோவானோட பழகினதை அவர் சொன்னது எல்லாம் ஞாபகம் இருக்கு, அதைக் காகிதத்துல இல்ல, மனசுல எழுதி வச்சிருக்கேன்னு.

அந்த பாலிகார்ப்பை 155-ஐ ஒட்டி எரிச்சுக் கொன்னாங்க. சபையார் எலும்பைப் பொறுக்கி எடுத்து வச்சு, வருஷா வருஷம் அங்க கூடி அந்த நாளை அவரோட பிறந்தநாளா கொண்டாடுவோம்னு மத்த சபைகளுக்கு எழுதினாங்க. இறந்த நாளை, பிறந்தநாள்னு!

177-ல லியோன்ல, இன்னிக்கு பிரான்ஸ்ல இருக்கிற ஊர், இன்னும் மோசம். இரத்தசாட்சிகளோட, அதாவது நம்பிக்கைக்காக உயிரைக் கொடுத்தவங்களோட உடலை ஆறு நாள் வெளியில போட்டு, அப்புறம் எரிச்சு, சாம்பலையும் ரோன் ஆத்துல கரைச்சுட்டாங்க, உயிர்த்தெழுவோம்ங்கிற நம்பிக்கையே இவங்களுக்கு இருக்கக் கூடாதுன்னு. புதைக்க ஒண்ணுமே மிஞ்சல. ஆனா நடந்ததை ஒண்ணுவிடாம எழுதி ஆசியாவுக்கும் பிரிகியாவுக்கும் அனுப்பிட்டாங்க, பிளாந்தினாங்கிற அடிமைப் பொண்ணு தாங்கின சித்திரவதை வரைக்கும் அதுல இருக்கு, அதனாலதான் அவ பேரு நமக்குத் தெரியுது. இதுக்கப்புறம் லியோனுக்கு பிஷப் ஆனது ஐரேனியஸ்.

நினைவுன்னா எல்லாரும் ஒரே மாதிரி நினைச்சாங்கன்னு இல்ல. ஆசியாக்காரங்க பாஸ்காவை, அதாவது இன்னிக்கு ஈஸ்டர்னு சொல்ற பண்டிகையை, யூத நாட்காட்டியோட நிசான் மாசம் 14-ல, என்ன கிழமை வந்தாலும், வச்சாங்க, ரோம்ல ஞாயிறு, ரெண்டு பேருமே எங்க பெரியவங்க காட்டின வழி இதுதான்னாங்க. 190 வாக்குல ரோம் பிஷப் விக்டர் ஆசியா சபைகளையே திருச்சபை உறவுல இருந்து வெட்டிவிடப் பார்த்தார். ஐரேனியஸ் தானும் ஞாயித்துக்கிழமை ஆள்தான், ஆனாலும் விக்டருக்குக் கடிதம் எழுதி ஒரு பழைய சம்பவத்தை ஞாபகப்படுத்துறார்: பாலிகார்ப் ரோமுக்கு வந்தப்போ அப்போதைய பிஷப் அனிசேட்டஸோட இதையே பேசினார், ரெண்டு பேருமே விட்டுக்கொடுக்கல, இருந்தும் அனிசேட்டஸ் தன் சபையில திருவிருந்தை நடத்தற இடத்தை பாலிகார்ப்புக்குக் கொடுத்தார், சமாதானமாப் பிரிஞ்சாங்க.