செக் என்னும் ஒரு சொல் – வாசகர் கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

மொழிபெயர்ப்புப் பயிற்சிக்காக ஆங்கில வரலாற்றுக் கட்டுரை ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். மன்னரின் அதிகாரத்துக்கு நாடாளுமன்றம் ஒரு 'செக்' ஆக இருந்தது என்று அதில் ஒரு வரி வருகிறது. 'சோதனையாக இருந்தது' என்று எழுதினேன். படித்துப் பார்த்தால், நாடாளுமன்றத்தால் மன்னருக்கு ஏதோ துன்பம் நேர்ந்தது போலிருக்கிறது. அகராதியைத் திறந்தாலோ, சதுரங்கத்தில் ராஜாவுக்கு வைக்கும் செக், வங்கிச் செக், கட்டம் போட்ட துணி, சரிபார்த்தல், தடுத்தல் என்று பொருள்கள் நீண்டுகொண்டே போகின்றன. இவையெல்லாம் ஒரே சொல்தானா, அல்லது ஒலியால் மட்டும் ஒன்றுபட்ட பல சொற்களா?

ம.

அன்புள்ள ம.,

உங்கள் ஐயம் நியாயமானது. நதியைக் குறிக்கும் 'ஆறு', எண்ணைக் குறிக்கும் 'ஆறு' இரண்டும் உறவில்லாத சொற்கள். நதி பழந்தமிழில் 'யாறு' என்றே வழங்கியது, முதல் எழுத்து தேய்ந்ததால் எண்ணோடு வந்து ஒட்டிக்கொண்டது. 'திங்கள்' அப்படிப்பட்டதன்று. நிலவைக் குறித்த சொல்லே மாதத்துக்கும் பிறகு கிழமைக்கும் பெயராக விரிந்தது. நீங்கள் கேட்கும் 'செக்' திங்களின் இனத்தைச் சேர்ந்தது. அகராதி வரிசையாக அடுக்கியிருக்கும் அத்தனை பொருள்களும் சதுரங்கப் பலகையிலிருந்து புறப்பட்டவை.

யானை, தேர், குதிரை, காலாள் என்னும் நான்கு உறுப்புகளால் பெயர் பெற்ற சதுரங்கம் இந்தியாவிலிருந்து பாரசீகத்துக்குப் போனபோது, அங்கே ராஜாக்காய்க்கு 'ஷா' என்று பெயராயிற்று. 'ஷா' என்றால் அரசன். நம் காதுக்குப் பழகிய 'க்ஷத்திரியர்' என்ற சொல்லோடு வேரளவில் உறவுடையது. ராஜாவைத் தாக்கும் காயை நகர்த்தியவர், எதிராளியை எச்சரிக்கும்விதமாக 'ஷா' என்று குரல் கொடுப்பார். அந்தச் சொல் அரபி வழியாக ஐரோப்பாவுக்குப் போய், இடைக்கால லத்தீனிலும் பழைய பிரெஞ்சிலும் உருமாறி, ஆங்கிலத்துக்குச் 'செக்' என்று வந்து சேர்ந்தது. அதன் பிரெஞ்சுப் பன்மையிலிருந்து பிறந்ததுதான் 'செஸ்'. 'செக்மேட்' என்பதும் பாரசீகத்தின் 'ஷா மாத்'தான்: அரசன் செய்வதறியாது நிற்கிறான் என்று பொருள்.

செக் என்று சொல்லப்பட்டதும் ஆட்டக்காரரின் கை கட்டப்பட்டுவிடுகிறது. வேறு எந்தத் திட்டம் வைத்திருந்தாலும் அதை நிறுத்திவிட்டு ராஜாவை முதலில் காக்க வேண்டும். தடுத்தல், அடக்கி வைத்தல் என்னும் பொருள் இங்கிருந்துதான் கிளைத்தது. 14ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே அது ஆங்கிலத்தில் வழக்குக்கு வந்துவிட்டது. தவறு மேலே போகாமல் நிறுத்திப் பார்ப்பது என்ற நிலையிலிருந்து, சரிபார்த்தல் என்னும் பொருள் அதற்கும் ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள் கழித்தே கிளைத்தது. 'செக்போஸ்ட்' என்ற சொல்லில் இவ்விரண்டும் இன்றும் சேர்ந்தே இருக்கின்றன: வண்டியை முதலில் நிறுத்துகிறார்கள், பிறகு ஆராய்கிறார்கள்.

கட்டம் போட்ட துணியின் கதை எளிது. சதுரங்கப் பலகையைப் போலிருப்பதால் அந்தப் பெயர். ஆனால் அப்படிப்பட்ட ஒரு துணியே பணத்தின் பக்கம் இச்சொல்லைக் கொண்டுபோனது என்பதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும், ஏனெனில் எனக்கு இந்தச் சொல்லின் பயணத்தில் மிகவும் பிடித்த கட்டம் இதுதான். 12ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில், மாவட்ட வரிப்பணத்துக்குப் பொறுப்பான ஷெரிஃபுகள் ஆண்டுக்கு இருமுறை அரசரின் கருவூலத்துக்கு வந்து கணக்கு ஒப்படைக்க வேண்டும். பத்தடி நீளமும் ஐந்தடி அகலமும் உள்ள மேசை. வைத்தது உருண்டு விழாதபடி சுற்றிலும் நான்கு விரல் உயரத்துக்கு விளிம்பு. மேலே கோடுகள் இட்ட கறுப்புத் துணி. ரோமானிய எண்களை வைத்துக்கொண்டு பெருந்தொகைகளைக் கூட்டிக் கழிப்பது கடினம் என்பதால், பென்னிக்கு ஒரு பத்தி, ஷில்லிங்குக்கு ஒரு பத்தி, பவுண்டுக்கு ஒரு பத்தி என்று பிரித்து, வில்லைகளை வைத்தும் எடுத்தும் எல்லோர் கண்முன்னும் கணக்கை முடித்தார்கள். அந்தத் துணியால் கருவூலத்துக்கே சதுரங்கப் பலகையைக் குறிக்கும் 'எக்ஸ்செக்கர்' என்ற பெயர் நிலைத்தது. பிரிட்டனின் நிதியமைச்சர் இன்றும் அந்தப் பெயரைத் தம் பதவிப்பெயரில் சுமக்கிறார்.

அரசரின் பொருளாளராக இருந்த ரிச்சர்ட் ஃபிட்ஸ்நீல் 1170களின் இறுதியில் இக்கருவூலத்தைப் பற்றி, மாணவன் கேட்க ஆசிரியர் விடை சொல்வதாக ஒரு நூல் எழுதத் தொடங்கினார். ஏன் இந்தப் பெயர் என்று மாணவன் அதில் கேட்கிறான். பலகையின் தோற்றத்தைச் சொல்லும் ஆசிரியர், ஆட்டத்தில் இரு அரசர்கள் மோதுவது போல் இங்கே பொருளாளரும் ஷெரிஃபும் மோதுகிறார்கள் என்றும் சேர்த்துச் சொல்கிறார். எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் ஒருவன் உங்கள் கேள்வியின் ஒரு பாதியைக் கேட்டுவிட்டான் என்பதில் எனக்கு அளவற்ற மகிழ்ச்சி.

வங்கிச் செக் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவானது. பணப்பத்திரம் போலியா என்று ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகக் கிழித்து வைத்துக்கொள்ளும் அடிச்சீட்டுக்கே முதலில் அந்தப் பெயர்; பின்னர் அது பத்திரத்துக்கு மாறிற்று. அமெரிக்கர்கள் பழைய எழுத்துக்கூட்டலையே வைத்துக்கொண்டார்கள். பிரிட்டனில் வழங்கும் எழுத்துக்கூட்டலில் அந்தக் கருவூலப் பெயரின் சாயல் படிந்திருக்கிறது. செக் நாடு மட்டும் இந்தக் குடும்பத்தில் சேராது. அது அம்மக்கள் தம்மை அழைத்துக்கொள்ளும் பெயர், தமிழ் எழுத்தில் தற்செயலாக ஒன்றுபோல் அமைகிறது.

இனி உங்கள் வரி. தமிழில் 'செக்' என்றதும் சரிபார்ப்பதே முதலில் நினைவுக்கு வருவதால், மூத்த பொருளான தடுத்தலை மறந்துவிடுகிறோம். 'செக் டேம்' என்பதைச் 'சோதனை அணை' என்று எழுதாமல் 'தடுப்பணை' என்று முதலில் எழுதியவர் இந்த நுட்பத்தை அறிந்தவர். ஆனால் உங்கள் வரியில் 'தடை' என்றும் எழுதிவிடாதீர்கள். நாடாளுமன்றம் மன்னரை ஆளவிடாமல் நிறுத்தவில்லை, அளவு மீறாமல் பிடித்துவைத்தது. குதிரை ஓடத்தான் செய்கிறது, போகும் திசையும் வேகமும் மட்டும் இன்னொருவர் கையில் இருக்கின்றன. ஆகவே நானாக இருந்தால், 'மன்னரின் அதிகாரத்துக்கு நாடாளுமன்றம் கடிவாளமாக இருந்தது' என்று எழுதுவேன்.