வைக்கலும் கடதாசியும் – ஒரு கடிதம்

வணக்கம் ஐயா,

நான் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் புவியியல் படிக்கிறேன். சொந்த இடம் மட்டக்களப்பு மாவட்டத்து வாழைச்சேனை. போன மாதம் ஆற்றங்கரைத் தொழில் நகரங்களைப் பற்றி ஒரு பாடம் நடந்தது. இங்கிலாந்து, ஜெர்மனி ஊர்களையெல்லாம் படித்தோம். நமது மாவட்டத்தில் அப்படி ஓர் ஊர் உண்டா என்று கேட்டபோது வகுப்பில் எல்லோரும் இல்லை என்றார்கள். எனக்கு எங்கள் ஊர் நினைவுக்கு வந்தது. சொல்லக் கூச்சமாக இருந்ததால் பேசாமல் இருந்துவிட்டேன்.

என் அம்மப்பா கடதாசி ஆலையில் வேலை செய்தவர். சண்டைதான் ஆலையை அழித்தது, பழையபடி திறந்தால் ஊரும் பழையபடி ஆகிவிடும் என்று இன்றைக்கும் சொல்வார். நீங்கள் மட்டக்களப்பைப் பற்றி எழுதும்போதெல்லாம் பாடும் மீன், கூத்து, கண்ணகி கோயில் என்றே எழுதுகிறீர்கள். வாழைச்சேனையைத் தொழில் நகரம் என்று சொல்லலாமா? அம்மப்பா சொல்வது சரியா?

ஒரு வாசகி

அன்புள்ள மகளுக்கு,

தாராளமாகச் சொல்லலாம். அடுத்த வகுப்பிலேயே எழுந்து சொல்லுங்கள். என்மேல் நீங்கள் வைத்த குறையும் நியாயமானது. நான் சந்திவெளியில் வளர்ந்தவன். வாழைச்சேனை சைக்கிள் மிதித்துப் போகிற தூரம். அப்படியிருந்தும் ஆலையைப் பற்றி இதுவரை ஒரு பக்கம்கூட எழுதாமல் இருந்துவிட்டேன்.

ஆற்றிலிருந்து தொடங்குகிறேன். வாழைச்சேனையை ஒட்டிய ஓட்டமாவடிப் பாலத்தில் நின்று பார்த்தால் கீழே கிடப்பது வாவி. உப்பும் நன்னீரும் கலந்த கழிமுகம். ஆனால் நாங்கள் அதை ஆறு என்றுதான் சொல்வோம். அதில் தப்பில்லை. அந்த வாவிக்குள் வந்து விழுவது மாதுறு ஓயா. 135 கிலோமீற்றர் நீளமான ஆறு அது, கல்குடாப் பக்கமாகக் கடலைத் தொடுகிறது. மகாவலித் திட்டத்தில் 1983இல் அதன் மேற்பகுதியில் அணை கட்டி முடித்தார்கள். அந்த வேலையின்போது அதே இடத்தில் மண்ணுக்குள்ளிருந்து ஒரு பழைய மதகு வெளிப்பட்டது. எத்தனையோ நூற்றாண்டுக்கு முன்னரே அந்த ஆற்றைக் கட்டி ஆண்டவர்கள் இருந்திருக்கிறார்கள். அந்த மதகு நினைவுக்கு வரும்போதெல்லாம், வாழைச்சேனையை வெறும் மீன்பிடித்துறை என்று சொல்பவர்களோடு வாதாட வேண்டும்போல் இருக்கும்.

ஆற்றுக்கு அடுத்தது ரெயில். மட்டக்களப்புக்கான பாதை 1928இல் திறக்கப்பட்டது. பாதை போடும் காலத்தில் புணானைக் காட்டில் ஆட்கொல்லிச் சிறுத்தை ஒன்று திரிந்து, 1924இல் சுடப்பட்டது. அந்தக் கதையைச் சின்ன வயதில் எங்களுக்குச் சொல்லாத கிழவர்கள் இல்லை. ஓட்டமாவடியில் ரெயிலுக்கும் வாகனங்களுக்கும் நெடுங்காலம் ஒரே பாலம். ரெயில் வந்தால் பஸ், மாட்டுவண்டி, சைக்கிள் எல்லாம் கரையில் காத்து நிற்கும். பாலத்துக்கு ஒரு பக்கம் முஸ்லிம் ஊர், மறுபக்கம் தமிழும் முஸ்லிமும் கலந்த ஊர். ஒரு ரெயிலுக்காக எல்லோரும் சேர்ந்து காத்து நின்ற அந்தப் பத்து நிமிடத்தை நான் பெரிய விஷயமாக நினைக்கிறேன். ஊர்க்கதை முழுவதும் அங்கேதான் பேசப்பட்டது.

சுதந்திரத்துக்குப் பிறகு ஜி. ஜி. பொன்னம்பலம் கைத்தொழில் அமைச்சராக இருந்தார். காங்கேசன்துறைக்குச் சீமெந்து, பரந்தனுக்கு இரசாயனம், வாழைச்சேனைக்குக் கடதாசி என்று மூன்று ஆலைகளை அவருடைய பெயரோடு சேர்த்துச் சொல்வார்கள். கடதாசி ஆலை 1950களின் நடுப்பகுதியில் எழுந்தது. அந்த மூன்று இடத்தையும் ஒன்றாக வைத்துப் பாருங்கள், மகள். பரந்தன் உப்பிலிருந்து காஸ்டிக் சோடாவும் குளோரினும் எடுத்தது. வைக்கலை அவித்துக் கூழாக்கக் காஸ்டிக் சோடா வேண்டும். அந்தக் கூழை வெளுக்கக் குளோரின் வேண்டும். ஆனையிறவில் விளைகிற உப்பும் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரையில் மிஞ்சுகிற வைக்கலும் சந்தித்தால் பள்ளிக்கூடக் கொப்பி. இப்படி ஒரு கணக்கை யாரோ ஒருவர் மேசையில் உட்கார்ந்து போட்டிருக்கிறார். எனக்கு அது கவிதைக்குக் குறைந்ததாகத் தெரியவில்லை.

ஏன் வாழைச்சேனை என்பதற்கு விடை வைக்கல்தான். மட்டக்களப்பு, அம்பாறை, பொலன்னறுவை என்று மூன்று பக்கமும் நெல்வெளி. அந்தக் காலத்தில் அறுத்த கதிரைக் கட்டிச் சுமந்துவந்து களவெட்டியில், அதாவது நெல் அடிக்கும் களத்தில், குவித்துச் சூடு வைப்போம். பிறகு எருமை விட்டு மிதிப்போம், பின்னாளில் உழவு மெஷின் வந்தது. பொலி தூற்றி நெல் வீட்டுக்குப் போனதும் களவெட்டியின் ஓரத்தில் வைக்கல் மலைபோல நிற்கும். மாட்டுக்கும் வீட்டுக் கூரைக்கும் எடுத்ததுபோக மிச்சத்தை எரிப்பார்கள். அந்த மிச்சத்துக்கு ஆலை விலை கொடுத்தது. இலுக்குப் புல்லையும் கூழுக்கு எடுத்தது. நெல் விற்ற காசு வயல் முதலாளியான போடியாரின் கடன் கணக்கில் போய் விழும். வைக்கல் விற்ற காசு சின்னக் காசுதான், ஆனால் எங்கள் வீட்டில் அது அம்மாவின் கைக்குப் போனது. எனக்கு முதல் சப்பாத்து வாங்கியது அந்தக் காசில்.

லொறியில் வைக்கல் ஏற்றும் ஆட்களோடு நானும் இரண்டு தடவை ஆலை வாசல்வரை போயிருக்கிறேன். கயிறு போட்டு இறுக்கிய வைக்கல் லொறி தெருவின் இரு பக்கமும் உரசிக்கொண்டு போகும். வாழைச்சேனையை நெருங்கும்போது ஒரு மணம் வரும். பெரிய பானையில் வைக்கலைப் போட்டு நாளெல்லாம் அவித்தால் வருகிற மணம், அதற்குள் சோடாவின் காரம். உங்கள் அம்மப்பாவின் சட்டையில் அந்த மணம் இருந்திருக்கும். உங்கள் அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள்.

அந்தக் கடதாசியைப் பற்றியும் ஒரு வார்த்தை. வைக்கலின் நார் குட்டையானது. அதனால் தாள் விறைப்பாக இருக்கும். புரட்டினால் சரசரக்கும். வலுவுக்காக நீள நார்க் கூழைக் கொஞ்சம் சேர்க்க வேண்டும். எங்கள் கொப்பித் தாள் இளம் பழுப்பு, அங்கங்கே சிறு புள்ளி, மைப்பேனையை அழுத்தினால் ஊறும். 1970களில் இறக்குமதி இறுக்கப்பட்ட ஆண்டுகளில் நாங்கள் அதில்தான் எழுதிப் படித்தோம். வெள்ளைத் தாளைக் கண்டால் அது வெளிநாடு.

நீங்கள் கேட்ட தொழில் நகரத்துக்கு வருகிறேன். புகைபோக்கி இருந்தால் மட்டும் ஊர் தொழில் நகரமாகிவிடாது. நேரத்தை எதைக் கொண்டு அளக்கிறார்கள் என்பதுதான் என் கணக்கு. எங்கள் பக்கத்தில் காலம் என்றால் பெரும்போகம், சிறுபோகம், வாடைக்காற்று, கோயில் சடங்கு. மாதம் முடிந்தால் சம்பளம் என்பது கந்தோரில் இருக்கும் உத்தியோகத்தருக்கும் வாத்தியாருக்கும் உரியது. வாழைச்சேனை அதை மாற்றியது. கடதாசி மெஷினை நினைத்தபடி நிறுத்தித் தொடங்க முடியாது. கூழ் ஓட வேண்டும், சுடு உருளைகள் சுழல வேண்டும். ஆகவே இரவு பகலாக ஷிப்ட். பத்தாம் வகுப்போடு நின்ற வயல்காரன் மகனும் மீன்காரன் மகனும் இரவு ஷிப்டுக்குச் சோற்றுப் பார்சலோடு சைக்கிளில் போனார்கள். அவர்களுக்குச் சேமலாப நிதி இருந்தது. தொழிற்சங்கம் இருந்தது. யாழ்ப்பாணத்து எஞ்சினியரோடும் சிங்களத் தொழில்நுட்பக்காரரோடும் ஓட்டமாவடி முஸ்லிம் நானாமாரோடும் ஒரே மெஷினைச் சுற்றி நின்றார்கள். மெஷினில் தாள் அறுந்தால் யாருடைய ஆள் என்று பார்த்துக்கொண்டு நிற்க நேரமில்லை, கிட்ட நிற்பவன் ஓடிப் பிடிக்க வேண்டும். மாவட்டத்தில் வேறு எந்த இடமும் மூன்று இனத்துப் பிள்ளைகளை அப்படி ஒரே வேலைக்குள் வைத்திருந்ததாக எனக்குத் தெரியவில்லை. வாழைச்சேனையின் குணம் என்று நான் சொல்வது இதைத்தான்.

அம்மப்பா சொல்வதில் பாதி சரி. சண்டை ஆலையை மோசமாக அடித்தது. எண்பதுகளில் பக்கத்துப் பக்கத்து ஊர்களே ஒன்றுக்கொன்று பயந்தன. 1990 ஜூனுக்குப் பிறகு பாதையும் ரெயிலும் நம்ப முடியாதவை ஆயின. வைக்கல் வர வேண்டிய வெளிகளுக்கு ஆள் போக முடியவில்லை. இரவு ஷிப்டுக்கு எந்தத் தாய் பிள்ளையை அனுப்புவாள்? ஒரே மெஷினைச் சுற்றி நின்றவர்கள் ஒருவர் தெருவில் ஒருவர் நடக்க அஞ்சியதை நினைத்தால் இப்போதும் நெஞ்சு கனக்கிறது.

ஆனால் அதற்கு முன்பே ஆலைக்கு நோய் வந்துவிட்டது. 1977இல் பொருளாதாரத்தைத் திறந்துவிட்டார்கள். வெள்ளைத் தாள் கப்பலில் வந்து இறங்கியது. மரத்திலிருந்து பெரும் ஆலைகள் செய்யும் தாளோடு வைக்கல் தாள் விலையிலும் நிறத்திலும் நின்று பிடிக்க முடியாது. வைக்கல் ஆலையின் கஷ்டம் வைக்கலுக்குள்ளேயே இருக்கிறது. ஒரு தொன் கூழுக்கு இரண்டு தொன்னுக்கு மேல் வைக்கல் வேண்டும். அது இடத்தை அடைக்கும், மழைபட்டால் உக்கும், அறுவடைக் காலத்தில் மட்டுமே கிடைக்கும். மிகப் பெரிய பிரச்சினை அதிலுள்ள சிலிக்கா, மணலில் இருக்கும் அதே பொருள். நெல் வைக்கலில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு அதுதான். அவித்தபின் மிஞ்சும் கறுப்புத் தண்ணீரை வற்றவைத்து, கொதிகலனில் எரித்துச் சோடாவை மீட்டெடுப்பதுதான் கடதாசி ஆலைகளின் வழக்கம். சிலிக்கா கலந்த தண்ணீர் அந்தக் கொதிகலன்களை அடைத்துவிடும். அதனால் உலகம் முழுவதும் சிறிய வைக்கல் ஆலைகள் அந்தத் தண்ணீரைப் பக்கத்து ஆற்றில் விட்டன. வாழைச்சேனையிலும் கழிவு வாவிக்குத்தான் போனது.

இதை எழுதும்போது உங்கள் அம்மப்பா மனம் வருந்துவாரோ என்று யோசிக்கிறேன். ஆனால் வாவியில் வலை போட்டவர்களும் அதே ஊர்க்காரர்தானே. ஆலை சோறு போட்ட வீட்டுக்கு அடுத்த வீட்டில் இறாலுக்கும் நண்டுக்கும் போனவர் இருந்தார். ஒரு வீட்டின் சம்பளம் மற்ற வீட்டின் தண்ணீரில் கழுவப்பட்டது. ஆலைக்காக ஏங்கும் நாங்கள் அதைச் சொல்லாமல் விடுவது அநியாயம். உங்கள் பாடத்தில் வந்த இங்கிலாந்து, ஜெர்மனி ஆறுகளும் இந்த விலையைக் கொடுத்தவைதான். அவர்கள் பிறகு கோடிகோடியாகச் செலவழித்து ஆற்றைத் துப்புரவாக்கினார்கள். எங்களிடம் அந்தக் காசும் இல்லை, அந்த ஆலையும் பழையபடி இல்லை.

2022 மார்ச்சில் நடந்ததை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். டொலர் இல்லை, கடதாசி இறக்க முடியவில்லை என்று மேல் மாகாணப் பாடசாலைகளில் தவணைப் பரீட்சையை ஒத்திவைத்தார்கள். அந்தச் செய்தியை வாசித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. நாடு முழுவதும் வயலில் வைக்கலை எரித்துக்கொண்டிருந்தோம், பிள்ளைகளுக்குப் பரீட்சைத் தாள் இல்லை. ஆலையை அந்நியச் செலாவணிக் கணக்கில் மட்டும் வைத்துப் பார்த்தவர்களுக்கு அன்றைக்காவது அதன் பெறுமதி தெரிந்திருக்கும் என்று நம்பினேன்.

திரும்பத் திறந்தால் ஊர் பழையபடி ஆகுமா? போருக்குப் பிறகு பழைய கடதாசியைக் கரைத்துத் தாள் செய்யும் முயற்சிகள் அங்கே நடந்தன. அதை நான் வரவேற்கிறேன். பழந்தாளில் சிலிக்காப் பிரச்சினை இல்லை, கறுப்புத் தண்ணீரும் இல்லை. ஆற்றுக்கு அது நல்லது. ஆனால் பழைய ஊரைக் கட்டியது மெஷின் மட்டும் இல்லை. களவெட்டியும் சேர்ந்துதான் கட்டியது. இப்போது அறுவடைக்கு வருவது பெரிய வெட்டு மெஷின். அறுத்து, அடித்து, நெல்லை மூட்டைக்குள் விட்டு, வைக்கலை வயல் நெடுகச் சிதறிக்கொண்டே போய்விடும். அதைக் கூட்டி அள்ள ஆள்கூலி கொடுத்தால் வைக்கலின் விலையைக் கூலி தாண்டும். சூடு வைத்த காலத்தில் மலையாக நின்ற வைக்கல் இன்று எங்குமில்லை. அந்த வைக்கலை நம்பி எழுந்த ஊரை, வைக்கல் இல்லாமல் அப்படியே எழுப்ப முடியாது. வேறு ஒன்றாகத்தான் எழுப்ப வேண்டும். பழந்தாள் சேர்ப்பதில் தொடங்கி, ஆற்றைக் கெடுக்காத சின்ன ஆலையாக, மூன்று சமூகத்துப் பிள்ளைகளும் வேலை செய்யும் இடமாக அது வந்தால் நான் பார்க்க வேண்டும். பாசிக்குடா விடுதிகளில் இளைஞர்களுக்கு வேலை கிடைக்கிறது. அதைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் கடல் பார்க்க வந்தவருக்குத் தேநீர் கொண்டுபோய்க் கொடுக்கும் பிள்ளைக்கும் நாட்டுக்கே தாள் செய்த பிள்ளைக்கும் நடையில் ஒரு வித்தியாசம் இருந்தது. ஷிப்ட் முடிந்து வருபவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

உங்களிடம் ஒரு வேலை கேட்கிறேன். அம்மப்பாவின் பக்கத்தில் இரண்டு பின்னேரம் உட்காருங்கள். வைக்கல் லொறி வந்ததும் ஈரத்தை எப்படிக் கண்டுபிடித்தார்கள், கையாலா, தராசாலா? கூழ் வெந்தது எந்தப் பதத்தில் தெரியும்? மெஷினின் ஒவ்வொரு பாகத்துக்கும் அவர்கள் தங்களுக்குள் என்ன பெயர் வைத்திருந்தார்கள், தமிழிலா, சிங்களத்திலா, இரண்டும் கலந்தா? அந்தச் சொற்கள் எந்த அகராதியிலும் இல்லை. அவர் சொல்வதை அவர் வாய்ப்படியே எழுதி அனுப்புங்கள். கழிவைப் பற்றி நான் எழுதியதை வாசித்துக் காட்டி, அதற்கு அவர் ஏசினால் அதையும் சேர்த்து எழுதுங்கள். ஒரு சொல் மாற்றாமல் இங்கே வெளியிடுகிறேன்.

அன்புடன்.