ஐரோப்பா உடையுமா? – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பிரிட்டன் வெளியேறியபோது, அடுத்தது பிரான்ஸ், அப்புறம் இத்தாலி என்று ஐரோப்பிய ஒன்றியமே அவிழ்ந்த நெல்லிக்காய் மூட்டையாகிவிடும் என்று சொன்னவர்களில் நானும் ஒருவன். இத்தனை வருடங்களில் வேறு ஒரு காய்கூட உருளவில்லை. மூட்டை பலமாகத்தான் இருக்கிறதா, இல்லை, உடைவது தள்ளிப்போயிருக்கிறதா?

– ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

2016 ஜூன் 23 வாக்கெடுப்பில் 51.9 சதவீதம் பேர் வெளியேறச் சொன்னபோது நானும் உங்கள் கட்சிதான். பிரான்சில் தேசியவாதத் தலைவர் மரீன் லெ பென்னும், நெதர்லாந்தில் அதே போக்குள்ள கீர்ட் வில்டர்ஸும் உடனே எங்களுக்கும் ஒரு வாக்கெடுப்பு வேண்டும் என்றார்கள். 2022 தேர்தலுக்கு வருவதற்குள் லெ பென் அந்தப் பேச்சைக் கைவிட்டிருந்தார்.

அதற்குக் காரணம் ஒன்றியத்தின் மேல் திடீரென்று வந்த பாசம் என்று நான் நினைக்கவில்லை. பிரிவது எப்படி இருக்கும் என்பதை எல்லோரும் பக்கத்திலிருந்து பார்த்துவிட்டார்கள். ஒன்றியத்துக்காக மருந்துகளை மதிப்பிடும் ஐரோப்பிய மருந்து முகமையின் கதை ஒன்று போதும். லண்டனில் சுமார் 900 பேர் வேலை பார்த்த அலுவலகம். அதைத் தங்கள் ஊருக்குக் கொண்டுபோக 19 நகரங்கள் போட்டியிட்டன. 2017 நவம்பரில் நடந்த கடைசிச் சுற்றில் மிலானுக்கு 13 வாக்கு, ஆம்ஸ்டர்டாமுக்கும் 13. வேறு வழியில்லாமல் சீட்டுக் குலுக்கினார்கள்! ஆம்ஸ்டர்டாம் வந்தது. அதோடு விட்டதா என்றால், இல்லை. லண்டன் கட்டடத்தின் குத்தகை 2039 வரை இருந்தது, நடுவில் காலி செய்ய ஒப்பந்தத்தில் இடமில்லை. நாடே வெளியே போகும்போது குத்தகை எப்படிச் செல்லும் என்று முகமை வழக்காடிப் பார்த்தது. 2019 பிப்ரவரியில் நீதிமன்றம் ஏற்க மறுத்துவிட்டது. ஒரு அலுவலகத்துக்கே இந்தப் பாடு.

இத்தனைக்கும் பிரிட்டன் பாதி வெளியே நின்றிருந்த நாடு. யூரோ கிடையாது, எல்லைச் சோதனையில்லாமல் போய்வரும் ஷெங்கன் ஏற்பாடு கிடையாது, சொந்தமாகப் பவுண்டு இருந்தது. அப்படியும் 2020 ஜனவரி 31 வரை இழுத்தது. ஒன்றியத்தில் இருக்கும் அயர்லாந்துக்கும் பிரிட்டனோடு சேர்ந்த வட அயர்லாந்துக்கும் நடுவே சோதனைச் சாவடி போட்டால், அங்கே பல வருட வன்முறையை முடித்துவைத்த 1998 சமாதான ஒப்பந்தமே ஆட்டம் காணும் என்பதால், சரக்குச் சோதனையை இரண்டு தீவுகளுக்கும் நடுவிலுள்ள ஐரிஷ் கடலுக்குக் கொண்டுபோனார்கள். ஒரே நாட்டின் இரண்டு துண்டுகளுக்கு நடுவே சுங்கக்கோடு விழுந்தது. யூரோவில் இருக்கும் இத்தாலி கிளம்பினால் ஒவ்வொரு வங்கிக் கணக்கையும் கடன் பத்திரத்தையும் வேறு நாணயத்துக்கு மாற்ற வேண்டும். அந்தப் பேச்சு அடிபட ஆரம்பித்த அன்றே மக்கள் வங்கி வாசலில் நிற்பார்கள்.

சரி, அப்படியானால் பிரச்சினை தீர்ந்ததா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. போனவரை விட, போகாமல் உள்ளேயே உட்கார்ந்து தடுப்பவரைச் சமாளிப்பதுதான் கஷ்டம். வெளியுறவு, வரி, புது உறுப்பினர் சேர்க்கை ஆகியவற்றில் 27 நாடுகளில் ஒன்று தலையாட்டாவிட்டாலும் காரியம் நடக்காது.

2023 டிசம்பரில் உக்ரைனோடு உறுப்பினர் பேச்சைத் தொடங்கலாமா என்று தலைவர்கள் கூடியிருந்தார்கள். அப்போதைய ஹங்கேரி பிரதமர் விக்டர் ஓர்பான் கூடாது என்றார். ஒரு காபி குடித்துவிட்டு வாருங்கள் என்று அப்போதைய ஜெர்மன் சான்சலர் ஓலாஃப் ஷோல்ஸ் சொல்ல, ஓர்பான் எழுந்து போனார். அந்த இடைவெளியில் மற்ற 26 பேரும் முடிவெடுத்துவிட்டார்கள். படித்தபோது சிரித்தேன். ஆனால் அன்றிரவே உக்ரைனுக்கான 5,000 கோடி யூரோ உதவியை அவர் தடுத்தார். 2024 பிப்ரவரி 1 வரை அது நகரவில்லை.

இப்படிப்பட்ட உறுப்பினரை வெளியேற்ற ஒன்றியத்தின் சட்டத்தில் வழியே இல்லை. 7-வது பிரிவின்படி வாக்குரிமையை நிறுத்தி வைக்கலாம். ஆனால் அதற்கு மற்ற எல்லா நாடுகளும் ஒத்துக்கொள்ள வேண்டும். பல வருடம் ஹங்கேரியும் போலந்தும் ஒன்றுக்கொன்று குடைபிடித்து நின்றது இதனால்தான்.

ஆகவே மூட்டை உடையும் என்ற பயம் எனக்குக் குறைந்திருக்கிறது. நகர முடியாமல் கிடக்குமோ என்ற பயம்தான் கூடியிருக்கிறது. உக்ரைன், மால்டோவா, செர்பியா போன்ற மேற்கு பால்கன் நாடுகள் எல்லாம் வரிசையில் நிற்கின்றன. அவை உள்ளே வருவதற்குள் இந்த வீட்டோ விதி மாறுகிறதா என்றுதான் கவனித்துக்கொண்டிருக்கிறேன். அதை மாற்றவும் 27 பேரும் சம்மதிக்க வேண்டும்.

அன்புடன்.