ஊருக்கு எதுக்கு லோகோ?

கேள்வி: ஊருக்கு ஊர் செலவு பண்ணி லோகோ போடறாங்களே, அதைப் பார்த்துட்டு வெளிநாட்டுக்காரங்க கிளம்பி வந்துருவாங்களா? – வாசகி, திருச்சி

பதில்: படத்தைப் பார்த்ததும் யாரும் டிக்கெட் எடுக்கறதில்லங்க. ஆனா ஒரு ஊரைப் பத்தி மனசுல விழுந்த கெட்ட பேரை அது மாத்தும். நியூயார்க்கையே எடுத்துக்கோங்க, 1975ல அந்த நகரம் திவாலாகற நிலைமைக்கு வந்துருச்சு, திருட்டு கொலைன்னு பேரும் கெட்டுப்போச்சு, டூரிஸ்ட்டுங்க வரவே பயந்தாங்க. மாநில வணிகத்துறை ஒரு விளம்பரத்துக்காக மில்டன் கிளேசர்ங்கற டிசைனரைக் கூப்பிட்டாங்க. அவர் ஒண்ணு வரைஞ்சு குடுத்தாரு, ஓகேயும் ஆயிருச்சு, ஆனா அவருக்கு மனசு ஒப்பல. ஒரு நாள் டாக்ஸில போறப்ப கையில இருந்த கவர்ல சிவப்பு கிரேயானால கிறுக்கினாரு, நான்னு அர்த்தம் வர்ற இங்கிலீஷ் 'ஐ', நேசிக்கறேன்ங்கறதுக்கு ஒரு இதயம், நியூயார்க்குக்கு 'என்', 'ஒய்', அவ்வளவுதான். ஓகே ஆன டிசைனை மறந்துருங்கன்னு அதிகாரிகிட்ட சொல்லி இதைக் காட்டினாரு. இதுக்கு அவர் காசே வாங்கல. அந்தக் கிழிஞ்ச கவர் இன்னைக்கு நியூயார்க் நவீன கலை மியூசியத்துல இருக்கு!

எனக்கு அதுல ரொம்பப் பிடிச்சது அந்த 'ஐ'தான். "எங்க ஊருக்கு வாங்க"ன்னு அரசாங்கம் கூப்பிடல, எனக்கு இந்த ஊரு பிடிக்கும்னு ஒரு ஆள் சொல்றாரு. டீஷர்ட்ல போட்டுக்கிட்டா சொல்றது நீங்களே ஆயிடறீங்க. 2001ல இரட்டைக் கோபுரம் விழுந்தப்புறம் கிளேசர் அதே இதயத்தோட ஓரத்துல கருகின மாதிரி ஒரு கறை வச்சு, முன்னைவிட அதிகமா நேசிக்கறேன்னு எழுதினாரு. பார்க்கறப்ப இப்பவும் தொண்டை அடைக்கும் எனக்கு.

கேள்வி: டிசைன் படிக்கிறேன். எங்க ஊரு கோயில், ஆறு, சந்தை எல்லாத்தையும் ஒரே லோகோவுல எப்படி அடக்கறது? – மாணவர், கும்பகோணம்

பதில்: அடக்காதீங்க தம்பி. அப்படித் திணிச்சா விசிட்டிங் கார்டுல சின்னதா அடிக்கறப்ப எல்லாம் கலந்து ஒரு கருப்புப் புள்ளியாத்தான் தெரியும். போர்ச்சுகல்ல போர்ட்டோ நகரத்துக்கு 2014ல செஞ்சதைத் தேடிப் பாருங்க. ஊர்ப் பேரு, பக்கத்துல ஒரு முற்றுப்புள்ளி, லோகோ அவ்வளவுதான். ஆனா அந்த ஊர்ல சர்ச்சு சுவர்ல, வீட்டு முகப்புல எல்லாம் நீல ஓடு, அதாவது டைல்ஸ், பதிச்சிருப்பாங்க, சாவோ பென்ட்டோ ரயில்வே ஸ்டேஷன் ஹால்ல மட்டும் சுமார் 20,000 ஓடு இருக்கு. டிசைனர் எட்வார்டோ அய்ரெஸோட டீம் அதையே பிடிச்சுக்கிட்டாங்க, பாலத்துக்கு ஒண்ணு, மணிக்கூண்டுக்கு ஒண்ணுன்னு நீலக் கோட்டுல குட்டிக்குட்டிப் படமா வரைஞ்சு, ஓடு பதிக்கற மாதிரி பக்கத்துல பக்கத்துல வச்சா கோடு ஒண்ணோட ஒண்ணு சேர்ந்துக்கும். தேவைப்பட்டா புதுசும் சேர்த்துக்கலாம். உங்க ஊர்ல அந்த ஓடு மாதிரி என்ன இருக்குன்னு ஒரு வாரம் பென்சிலோட சுத்திப் பாருங்க, கம்ப்யூட்டரை அப்புறம் திறங்க.