புசுபுசு நூலில் அளவு தப்பாமல் பின்னுவது: கேள்வி பதில்

கேள்வி (குன்னூர்): மொஹேர் நூலில், அளவு பார்ப்பதற்கான சிறு மாதிரித் துண்டு பின்னினேன். கண்ணிகளை எண்ணினால் ஒவ்வொரு முறையும் வேறு எண் வருகிறது. என்ன செய்வது?

பதில்: பின்னி முடித்த பிறகு எண்ணாதீர்கள், அம்மா. அங்கோரா ஆட்டின் ரோமமாகிய மொஹேர், கண்ணிகளின் மீது பனிமூட்டம்போலப் படர்ந்துவிடும். அதில் கண்ணை நம்ப முடியாது. 30 கண்ணி போட்டு, இரு ஓரங்களிலும் ஐந்தைந்தை விட்டுவிட்டு, நடுவிலுள்ள 20 கண்ணிகளுக்கு இருபுறமும் வழவழப்பான பருத்தி நூலை வேறு நிறத்தில் தொங்கவிட்டு, இரண்டு வரிசைக்கு ஒரு முறை அதை முன்னும் பின்னுமாக மாற்றிப் போட்டுக்கொண்டே போங்கள். பத்து வரிசைக்கு ஒரு முடிச்சுக் குறியும் இடுங்கள். எண்ணிக்கை முன்பே தெரியுமாதலால், கடைசியில் அந்த இரு நூல்களுக்கும் இடைப்பட்ட தூரத்தை அளந்தால் போதும். ஏற்கெனவே பின்னிய துண்டை வீணாக்க வேண்டாம். அதை ஜன்னல் கண்ணாடியில் வைத்துப் பிடித்தால், வெளிச்சத்தில் கண்ணிகளின் எலும்புக்கூடு தெரியும். அளப்பதற்கு முன் நனைத்து, உலர்த்திவிடுங்கள்.

கேள்வி (டொராண்டோ): மொஹேர் நூலோடு வரும் சீட்டில் 3.5 முதல் 5 மி.மீ. வரை ஊசி என்று போட்டிருக்கிறது. எதை எடுப்பது?

பதில்: சீட்டு சொல்வது யோசனைதான். மெல்லிய மொஹேரைச் சற்றுப் பெரிய ஊசியில் தளர்வாகப் பின்னினால், இடைவெளிகளை ரோமமே நிரப்பிக்கொள்ளும். இறுக்கிப் பின்னினால் துணி விறைத்துப்போகும். 4.5-இல் தொடங்கிப் பாருங்கள். பிறகு, நனைத்து உலர்த்தி அளவிடுங்கள்.

கேள்வி (மதுரை): முப்பது ஆண்டுகளாகப் பின்னுகிறேன். மாதிரித் துண்டைத் துவைப்பதெல்லாம் வெட்டி வேலை. ஊசியிலிருந்து எடுத்ததும் அளந்துவிடுவேன்.

பதில்: உங்கள் கை அனுபவத்தை மதிக்கிறேன், அக்கா; ஆனால் உருண்டு திரண்ட சாதாரணக் கம்பளி நூலில் பழகிய கணக்கு இங்கே செல்லாது. 25 கிராமில் ஏறத்தாழ 210 மீட்டர் வரும் மொஹேர்-பட்டு நூலில் 4.5 மி.மீ. ஊசியால் நான் பின்னிய துண்டில், குறியிட்ட 20 கண்ணிகள் ஊசியிலிருந்து எடுத்ததும் சரியாக 10 செ.மீ. இருந்தன. வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து, துவாலையில் சுருட்டிப் பிழிந்து, இழுக்காமல் சமதளத்தில் உலர்த்திய பிறகு 11 செ.மீ. ஆயின. ஒரு செ.மீ.தானே என்று தோன்றும். மார்புச் சுற்று 100 செ.மீ. வேண்டுமென்று 200 கண்ணி போட்டிருந்தால், முதல் சலவைக்குப் பின் அது 110 செ.மீ. ஆகியிருக்கும்.

அதே மதுரை வாசகர், மீண்டும்: அப்படியென்றால் ஒரு ஊசி அளவு குறைத்துக்கொண்டால் போயிற்று, துவைப்பானேன்?

பதில்: எவ்வளவு குறைப்பது என்பதைத் துவைத்த துண்டுதானே சொல்ல வேண்டும்? நூலுக்கு நூல் மாறும். தவறாகப் பின்னியதைப் பிரித்துக்கொள்ளலாமே என்று எண்ணவும் வேண்டாம்; ரோமம் ஒன்றோடொன்று சிக்கி, வரிசைக்கு வரிசை கத்தரிக்கோல் கேட்கும். துண்டு பின்னும் ஒரு மணி நேரம், அந்தச் சிக்கலெடுக்கும் மூன்று மாலைப் பொழுதுகளைவிடக் குறைவுதான்.

கேள்வி (யாழ்ப்பாணம்): மொஹேர் இழையோடு மெல்லிய கம்பளி இழையையும் சேர்த்துப் பின்னுகிறேன். தனித்தனியாக அளந்து கூட்டலாமா?

பதில்: கூடாது. இரண்டையும் சேர்த்தே ஒரு துண்டு பின்னுங்கள். கம்பளி இழை தாங்குவதால், மொஹேர் மட்டும் பின்னுவதைவிடத் துணி உருக்குலையாமல் நிற்கும். கண்ணிகளும் ஓரளவு தெரியும்.

கேள்வி (சேலம்): கண்ணிமை முடிபோல் இழைகள் நீட்டிக்கொண்டிருக்கும் பாலியெஸ்டர் நூலில் எப்படி எண்ணுவது?

பதில்: விரலால். நடுவிழை தட்டுப்படும். மற்றதெல்லாம் குன்னூர் வாசகருக்குச் சொன்னதே.

கேள்வி (கோவை): சீட்டில் உள்ள ஊசி அளவையே பயன்படுத்தலாமா?

பதில்: டொராண்டோ வாசகருக்கான பதிலை, கடைசி வாக்கியம் உட்பட, படியுங்கள்.

கேள்வி (சென்னை): மெஷின் பின்னலில் இதே கணக்கா?

பதில்: எனக்குக் கைப்பின்னல் மட்டுமே தெரியும், மெஷின் ஓட்டுபவரைக் கேளுங்கள்.

கேள்வி (ஊட்டி): அளவெல்லாம் சரி. ஆனால் போட்டுப் பார்த்தால் இறுக்கமாகத் தெரிகிறது, கையும் நீளமாக இருக்கிறது.

பதில்: ரோமம் துணிக்கு உள்ளேயும் இருக்கிறதல்லவா? அது உங்கள் சட்டைக்கும் ஸ்வெட்டருக்கும் நடுவே இடம் பிடிக்கும். ஆகவே உடலளவைவிடச் சுற்றில் 10 செ.மீ.யாவது கூட்டிக்கொள்வது என் வழக்கம். கையைப் பொறுத்தவரை, மேசையில் கிடத்தி மட்டும் அளந்திருப்பீர்கள். உலர்ந்த மாதிரித் துண்டை ஓர் இரவு, கீழ் ஓரத்தில் நாலைந்து துணிக்கிளிப்புகளை மாட்டித் தொங்கவிட்டு, காலையில் பத்து வரிசைக் குறிகளுக்கு இடையே மறுபடி அளந்து பாருங்கள். தளர்ந்த பின்னலில் அந்த நீளம் கூடியிருக்கும். அந்தப் புது அளவை வைத்துக் கையின் வரிசைகளைக் கணக்கிட்டு, நீளம் மிஞ்சினால் மணிக்கட்டுப் பக்கம் சில வரிசைகளை மட்டும் பிரித்துக் குறைக்கும் வகையில் தோளிலிருந்து கீழ்நோக்கிப் பின்னுங்கள்.