வாசகர் கேள்வி பதில்: 'திருவிதாங்கூர்' என்று தேடிப் பாருங்கள்

கேள்வி: மகள் ஒன்பதாம் வகுப்பு. நம் மாவட்ட வரலாறு, இங்குள்ள பறவைகள், விலங்குகள் பற்றிப் புத்தகம் கேட்கிறாள். கடையில் திருவள்ளுவர் சிலை அட்டை போட்ட சுற்றுலாக் கையேடுதான் கிடைக்கிறது. எதில் தொடங்கலாம்?
- வாசகி, தக்கலை

பதில்: 'கன்னியாகுமரி மாவட்டம்' என்று கேட்டால் கையேட்டைத்தான் எடுத்து நீட்டுவார்கள். 1956 நவம்பர் 1-ந் தேதிதான் நாம் தமிழ்நாட்டோடு சேர்ந்தோம், அதற்கு முந்தைய புத்தகங்களில் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நாலு தாலுகாவும் திருவிதாங்கூர் சமஸ்தானக் கணக்கில்தான் இருக்கும். அந்தப் பெயரில் தேடுங்கள். முதலில் சிக்குவது நாகம் அய்யாவின் 'திருவிதாங்கூர் ஸ்டேட் மேனுவல்', 1906, மூன்று தொகுதி, சமஸ்தானத்தைப் பற்றிய விவரத் தொகுப்பு. ஆங்கிலம், மகாராஜா புகழ் கொஞ்சம் தூக்கல்தான், அதைத் தள்ளிவிட்டுப் படிக்கலாம். முதல் தொகுதியில் மரம், விலங்கு, பறவைக்கெல்லாம் இடம் உண்டு, அதை மட்டும் மகளுக்குக் காட்டுங்கள். கோயில் வழியாக ஊரைப் புரிந்துகொள்ள கே.கே. பிள்ளை சுசீந்திரம் கோயில் பற்றி எழுதிய ஆய்வு (1953) இருக்கிறது, அதுவும் ஆங்கிலம்தான். தமிழில் வேண்டுமென்றால் அ.கா. பெருமாள் புத்தகங்கள், யோசிக்காமல் வாங்கலாம்.

பறவைக்கு, பறவையியல் அறிஞர் சாலிம் அலி. 1933-ல் திருவிதாங்கூர், கொச்சி முழுக்கச் சுற்றி எடுத்த கணக்கெடுப்பு அது, 1953-ல் புத்தகமாக வந்தது. நம் ஆரல்வாய்மொழியை அதில் 'அரம்போலி' என்று தேட வேண்டும்.

கேள்வி: வரலாறும் பறவையும் ஒரே புத்தகத்தில் கிடைக்காதா?
- வாசகர், தேரூர்

பதில்: கவிமணி பிறந்த ஊரில் இருந்துகொண்டு இப்படிக் கேட்கலாமா! கோயில் ஒரு புத்தகத்தில், காடு இன்னொரு புத்தகத்தில் என்று நாம்தான் பிரித்து வைத்திருக்கிறோம். உங்கள் ஊர்க் குளத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். வயலுக்குத் தண்ணீர் தேக்க வெட்டின குளம், தாமரை இலை மேலே நீண்ட விரலை விரித்து இலைக்கோழி நடக்கிறது, கோரைக்குள்ளே நீலத் தாழைக்கோழி வாலை ஆட்டிக்கொண்டு தண்டைக் கடிக்கிறது. சுசீந்திரம், தேரூர் நீர்நிலைகளுக்கு 2022-ல் ராம்சர் அங்கீகாரம், அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலம் என்ற அங்கீகாரம், வந்தது இந்தப் பறவைகளுக்காகத்தான், ஆனால் குளம் எப்படி வந்தது என்பதற்குப் பாசன வரலாறுதான் படிக்க வேண்டும். அப்படி ஒரு புத்தகத்தை இந்த ஊர்க்காரர் யாராவது எழுதினால்தான் உண்டு.

கேள்வி: பழைய மேனுவல் விலைக்குக் கிடைக்குமா?
- வாசகர், குளச்சல்

பதில்: எதற்கு விலை? இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இணைய நூலகத்தில் சும்மாவே இருக்கிறது. இறக்கிக்கொள்ளுங்கள், செல்போனில் மட்டும் படிக்காதீர்கள், எழுத்து பொடி.